மதில் நகரைப் பிடித்தல்: கற்றபுல்ட் முதல் ஆட்லறி வரை, புதியவர்களுக்கான வழிகாட்டி

சுற்றுக்குச் சுற்று ஆடும் போர்த்தந்திர விளையாட்டுகளில் முதல் ஐம்பது சுற்றுகளை எவரும் ஒருவாறு சமாளித்துவிடுவார்கள். மதில் கட்டிய நகரொன்றின் முன்னால் படையைக் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாள்வீரர்கள் மதிலில் மோதிச் சாவார்கள், வில்லாளிகளின் அம்பு நகரைக் கீறக்கூட மாட்டாது, ஆசையாகச் செய்து கொண்டுவந்த கற்றபுல்ட் ஒரு கல்லைக்கூட எறியாமல் அழிந்துபோகும். விளையாட்டுக்குள் இருக்கும் கலைக்களஞ்சியம் ஒவ்வொரு படைப்பிரிவின் எண்களையும் தருகிறதே தவிர, எந்தச் சுற்றில் எதை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்வதில்லை. அந்த ஒழுங்கைத் தட்டுத்தடுமாறிக் கற்றவன் என்ற வகையில், கொழும்பில் புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அன்சிவ் என்ற விளையாட்டிலிருந்து வருகின்றன. இது 2010இல் வெளியான சிவிலைசேஷன் 5இன் விதிகளைப் பின்பற்றிச் செய்யப்பட்ட திறந்த மூலச் செயலி. அதனுள் ‘கோட்ஸ் அண்ட் கிங்ஸ்’ என்ற விதித்தொகுப்பைத் தெரிவுசெய்தால் கீழே உள்ள எண்கள் பொருந்தும்.

1. எதில் ஆடுவது, என்ன செலவாகும்

அன்சிவ்வுக்குப் பணம் தேவையில்லை. அன்ட்ரொயிட் கைப்பேசியில் பிளே ஸ்ரோரிலிருந்தோ எஃப்-ட்ரொயிட்டிலிருந்தோ இறக்கிக்கொள்ளலாம். கணினிக்கான பதிப்பும் உண்டு. இறக்கிய பின் தனியாக ஆடுவதற்கு இணையம் வேண்டியதில்லை என்பதால் டேட்டாவும் மிச்சம். மூல விளையாட்டான சிவிலைசேஷன் 5ஐ ஸ்ரீம் தளத்தில் வாங்குவதானால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அனுமதி பெற்ற வங்கி அட்டை கையில் இருக்க வேண்டும். விலை டொலரில் இருக்கும்; மாற்று வீதத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டில் சில தடவைகள் பெரிய விலைக்கழிவு வரும். என் எண்ணத்தில், முதலில் அன்சிவ்வில் விதிகளைப் பழகிவிட்டு, படமும் இசையும் வேண்டுமென்று தோன்றினால் மட்டும் மற்றதை வாங்குவது நல்லது.

புதிய ஆட்டம் தொடங்கும்போது ஆட்ட வேகத்தைக் கேட்பார்கள். ‘குவிக்’ வேகத்தைப் பலர் தெரிவுசெய்கிறார்கள், ஆட்டம் சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கையில். முற்றுகைக்கு அது உகந்ததல்ல. அந்த வேகத்தில் ஆராய்ச்சியும் கட்டுமானமும் விரைவுபடுகின்றன, ஆனால் படை நடக்கும் வேகம் கூடுவதில்லை. உங்கள் கற்றபுல்ட் எதிரி எல்லையை எட்டுவதற்குள் அவன் மதிலுக்கு மேல் கோட்டையும் கட்டி முடித்திருப்பான். ‘ஸ்டாண்டர்ட்’ வேகத்தில் தொடங்குங்கள்.

இன்னொன்று: 100ஆம் இலக்கப் பேருந்தில் காலி வீதி நெரிசலில் நின்றுகொண்டு நகர் வளர்க்கலாம், ஆராய்ச்சி தெரிவுசெய்யலாம். முற்றுகைச் சுற்றுகளை மட்டும் வீட்டுக்கு வந்து ஆடுங்கள். ஒரு குலுக்கலில் விரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டால், அந்த ஒரு நகர்வே ஒரு பீரங்கியின் விலையாகிவிடும்.

2. போருக்கு முன் பார்க்க வேண்டிய உடன்படிக்கைகள்

கற்றபுல்ட் போன்ற முற்றுகைப் பொறி செய்யத் தொடங்கும் முன்னரே இராஜதந்திரத் திரையைத் திறந்து, எதிரியுடன் உங்களுக்கு என்ன ஒப்பந்தங்கள் நடைமுறையில் உள்ளன என்று பாருங்கள். அண்மையில் சமாதானம் செய்திருந்தால் 10 சுற்றுகளுக்குப் போர் அறிவிக்க முடியாது. எல்லை திறப்பு உடன்படிக்கை இருக்கிறதென்று படையை அவனுடைய நாட்டுக்குள் கொண்டுபோய், நகரைச் சுற்றி வசதியாக நிறுத்திவிட்டுப் போர் அறிவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். போர் அறிவித்த கணத்தில் உங்கள் படைகள் அனைத்தும் எல்லைக்கு வெளியே தூக்கி வைக்கப்படும், அதுவும் நீங்கள் வைத்திருந்த ஒழுங்கில் அல்ல.

வணிக ஒப்பந்தங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. எதிரியிடமிருந்து பட்டோ வாசனைத் திரவியமோ வாங்கிக்கொண்டிருந்தால், போருடன் அது நின்றுவிடும். அதனால் வந்த மகிழ்ச்சிப் புள்ளிகளும் போய்விடும். மொத்த மகிழ்ச்சி பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் நகரங்களின் வளர்ச்சி மட்டுமல்ல, படைகளின் வலுவும் குறையும். பிடித்த நகர் வேறு கூடுதல் அதிருப்தியைக் கொண்டுவரும். ஆகவே, போருக்கு முன் கையில் ஆறேழு புள்ளிகளாவது மிச்சம் இருக்கட்டும்.

கடைசியாக, அந்த விதித்தொகுப்பில் உங்கள் பொறிக்கு இரும்பு தேவையா என்று உற்பத்தித் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிவிலைசேஷன் 5 முதலில் வெளிவந்தபோது கற்றபுல்ட்டுக்கு இரும்பு வேண்டியிருந்தது. பிந்திய விதிகளில் வேண்டியதில்லை.

3. எந்தப் பொறி, எப்போது, எத்தனை

முற்றுகைப் பொறிகளின் வரிசை இது. கணிதம் ஆராய்ந்ததும் கற்றபுல்ட் வரும்: தொலைத்தாக்கு வலு 8, உற்பத்திச் செலவு 75. பௌதிகவியலுடன் ட்ரெபுஷே என்ற பெரிய கல்லெறி பொறி: வலு 14, செலவு 120. இரசாயனவியலுடன் பீரங்கி: வலு 20, செலவு 185. டைனமைட்டுடன் ஆட்லறி: வலு 28, செலவு 250. இதன் பின் ரொக்கெட் ஆட்லறி. முதல் மூன்றுக்கும் வீச்சு 2 கட்டம், ஆட்லறிக்கு 3.

இந்த வலு எண்களை மட்டும் பார்த்தால் வில்லாளியின் 7க்கும் கற்றபுல்ட்டின் 8க்கும் பெரிய வித்தியாசம் இல்லைபோல் தோன்றும். வித்தியாசம் ஒரு சிறப்பு விதியில் இருக்கிறது: நகரைத் தாக்கும்போது முற்றுகைப் பொறியின் வலு 200 வீதம் கூடும், அதாவது மூன்று மடங்காகும். நகரின் வலு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லாளி ஓர் எய்தலில் ஏறத்தாழ 16 உயிர்ப்புள்ளிகளைக் குறைப்பார், கற்றபுல்ட் ஏறத்தாழ 41ஐக் குறைக்கும். (இருவரின் வலுவும் சமமாக இருந்தால் சராசரி 30 குறையும், ஐந்தில் ஒரு பங்கு மேலே கீழே போகலாம்.) நகருக்கு அடிப்படையில் 200 உயிர்ப்புள்ளிகள், மதில் இருந்தால் 250, அதன்மேல் கோட்டையும் இருந்தால் 275.

ஆகவே மூன்று கற்றபுல்ட்கள் ஒரு சுற்றில் 120ஐச் சற்றுத் தாண்டிக் குறைக்கும். மதில் நகரை மூன்று எறி சுற்றுகளில் வீழ்த்தலாம், நகர் சுற்றுக்குச் சுற்று ஓரளவு தேறிக்கொள்ளும் என்பதையும் சேர்த்து. இரண்டு மட்டும் கொண்டுபோனால் கணக்கு நான்கு சுற்றுகளாகிவிடும். அந்த இடைவெளியில் ஒன்றை இழந்துவிட்டால், மற்றது அடிப்பதில் கணிசமான பகுதியை நகர் தேறிக்கொண்டே ஈடுசெய்துவிடும். மூன்றுக்குக் குறைவாகப் புறப்படுவதில் பயனில்லை. நான்கு இருந்தால் நிம்மதி.

சுற்றுக்கு 10 உற்பத்தி தரும் நகரில் ஒரு கற்றபுல்ட்டுக்கு 8 சுற்றுகள் பிடிக்கும். மூன்றையும் ஒரே நகரில் செய்தால் 24 சுற்றுகள் போய்விடும். எதிரி வீரப்பண்பு ஆராய்ந்து கோட்டை கட்டி, நகர் வலு 25க்கு வந்துவிட்டால், அதே கற்றபுல்ட்டின் அடி 41இலிருந்து 29ஆகக் குறையும். எனவே மூன்று நகரங்களில் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அல்லது இரண்டைச் செய்து ஒன்றைத் தங்கத்துக்கு வாங்குங்கள். கோட்டை ஏற்கெனவே எழும்பிவிட்டதென்றால் கற்றபுல்ட்டை மறந்துவிட்டு ட்ரெபுஷேக்குக் காத்திருப்பதே சரி. அது வலு 25க்கு எதிராகவும் ஏறத்தாழ 43 அடிக்கும்.

பழைய பொறிகளை அழித்துவிடாதீர்கள். தங்கம் கொடுத்தால் கற்றபுல்ட் ட்ரெபுஷேயாகவும், பின் பீரங்கியாகவும் ஆட்லறியாகவும் மாறும். பெற்ற அனுபவம் அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் எல்லைக்குள் நின்றால்தான் மாற்றலாம். போர்க்களத்தில் நின்றுகொண்டிருக்கும்போது புதிய தொழில்நுட்பம் கிடைத்தால், திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போவதற்கு எத்தனை சுற்றுகள் ஆகும் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

4. பயிற்சியை வீட்டிலேயே முடித்தல்

படைமுகாம் உள்ள நகரில் செய்யப்படும் பொறி 15 அனுபவப்புள்ளிகளுடன் பிறக்கும், ஆயுதச்சாலையும் இருந்தால் 30. முதலாவது பயிற்சி உயர்வுக்கு 10 புள்ளி, இரண்டாவதுக்கு மொத்தம் 30. அதாவது இரண்டு கட்டடமும் உள்ள நகரில் செய்த பொறி, களத்துக்குப் போகும் முன்னரே இரண்டு உயர்வுகளைப் பெற்றிருக்கும்.

முதலாவதாக ‘பராஜ்’ அல்லது ‘அக்குரசி’ இரண்டில் எதை எடுத்தாலும் பரவாயில்லை. அவை கட்டங்களில் நிற்கும் படைகளுக்கு எதிரானவை. இரண்டாவதாக ‘வொலி’யை எடுங்கள். நகருக்கும் அரண் அமைத்து நிற்கும் படைக்கும் எதிராக மேலும் 50 வீதம் தரும். மேற்சொன்ன வலு 15 நகருக்கு எதிராகக் கற்றபுல்ட்டின் அடி 41இலிருந்து ஏறத்தாழ 48ஆகும். ஏன் ஒன்றரை மடங்கு ஆகவில்லை என்று கேட்பீர்கள்: இந்த 50 வீதம் ஏற்கெனவே உள்ள 200 வீதத்துடன் கூட்டப்படுகிறதே தவிர அதன்மேல் பெருக்கப்படுவதில்லை. அதே காரணத்தால் படைத்தளபதி தரும் 15 வீதமும் முற்றுகைப் பொறிக்குச் சிறிய உதவிதான்; அவரை முன்னணி வீரர்களின் கூட்டத்தில் வைப்பது கூடிய பயன்.

5. கூடவே போக வேண்டியவர்கள்

தொலைத்தாக்குப் பொறி நகரின் உயிர்ப்புள்ளியை 1 வரை குறைக்கும். அதற்குக் கீழே கொண்டுபோகாது, உள்ளே நுழையவும் மாட்டாது. இதைத் தெரியாமல் பொறிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகும் புதியவர்கள் ஏராளம். நகரைப் பிடிக்க நேரடியாக மோதும் படை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அதற்கு நான் பரிந்துரைப்பது குதிரைப்படை. குதிரைவீரர்களுக்கு நகரைத் தாக்குவதில் 33 வீதம் கழிவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் உயிர்ப்புள்ளி 1 மட்டும் எஞ்சிய நகருக்கு முன்னால் அந்தக் கழிவுக்கு என்ன பொருள்? குதிரைக்கு ஒரு சுற்றில் 4 நகர்வுகள் உண்டு. நகரின் வீச்சுக்கு வெளியே, ஒரு காயமும் படாமல் நிற்கலாம். கடைசிக் கல் விழுந்த அதே சுற்றில் ஓடிவந்து நுழையலாம்.

முன்னணிக்கு ஈட்டிப்படையோ வாள்படையோ இரண்டு பிரிவுகள் போதும். இவர்களுக்குக் கிடைக்கும் உயர்வை ‘கவர்’ பயிற்சியில் போடுங்கள். அம்புக்கும் நகரின் எறிகணைக்கும் எதிராக 33 வீதம் கூடுதல் பாதுகாப்பு. இவர்களின் வேலை நகரை மோதுவதல்ல, பொறிகளுக்கு முன்னால் நிற்பது. நகரை மோதச் சொல்லி விடாதீர்கள். ஒவ்வொரு மோதலும் நகரைவிட அவர்களையே கூடுதலாகக் காயப்படுத்தும்.

வெளியே வரும் எதிரிப் படைகளைக் கவனிக்க இரண்டு வில்லாளிகள். கற்றபுல்ட்டைக் கொண்டு குதிரைவீரனை அடிக்க முயல்வது வீண். மூன்று மடங்கு விதி நகருக்கு மட்டும்தான்.

6. கட்டங்களைத் தெரிவுசெய்தல்

போர் அறிவிக்க முன், ஒரு தாளை எடுத்து நகரைச் சுற்றியுள்ள அறுகோணக் கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. நகரை ஒட்டிய வளையத்தில் 6 கட்டங்கள், அடுத்த வளையத்தில் 12. ஒரு கட்டத்தில் ஒரு படைப்பிரிவுதான் நிற்கலாம் என்பதால், மலை, கடல், ஏரி ஆகியவற்றைக் கழித்தால் இந்த 12இல் உங்களுக்குப் பயன்படுவது சில வேளை நான்கோ ஐந்தோ மட்டுமே. பொறிகள் நிற்கப்போவது இரண்டாம் வளையத்தில்.

ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று கேள்விகளுடன் பாருங்கள். அங்கிருந்து நகர் தெரிகிறதா? நடுவில் காடோ குன்றோ இருந்தால் கல் போகாது. நீங்கள் குன்றின்மேல் நின்றால் தாழ்ந்த காட்டுக்கு மேலால் எறியலாம். கொழும்பில் உள்ளவர்களுக்கு இதை விளக்குவது எளிது: காலிமுகத்திடல் வெளியாக வைக்கப்பட்டதே கோட்டையின் பீரங்கிகளுக்குத் தடையில்லாத குறி கிடைப்பதற்காக என்று சொல்வார்கள். நகருக்கும் உங்களுக்கும் நடுவில் அப்படியொரு வெளி வேண்டும், ஆனால் அந்த வெளி நகருக்கும் அதே வசதியைத் தருகிறது என்பதை மறக்கக்கூடாது.

அடுத்த கேள்வி, அந்தக் கட்டத்துக்கு எப்படிப் போவது? பொறிகளுக்கு 2 நகர்வுகள். சமவெளி ஒரு நகர்வு; காடும் குன்றும் இரண்டு; ஆற்றைக் கடந்தால் எஞ்சிய நகர்வு அத்தனையும் போய்விடும். எதிரிப் படையை ஒட்டிய ஒரு கட்டத்திலிருந்து அதை ஒட்டிய இன்னொரு கட்டத்துக்குப் போனாலும் அப்படியே.

மூன்றாவது, அங்கே அதைக் காப்பாற்ற முடியுமா? முற்றுகைப் பொறிக்குக் குன்றோ காடோ எந்தத் தற்காப்பு வலுவையும் தராது. முன்னாலும் பக்கத்திலும் உங்கள் வீரர்கள் நிற்க இடமில்லாத கட்டத்தில் பொறியை வைப்பதைவிட அதை வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

பொறிகளின் பார்வை மற்றப் படைகளைவிட ஒரு கட்டம் குறைவு என்பதும் கவனத்துக்குரியது. இரண்டு கட்டம் தள்ளியிருக்கும் இலக்கைப் பொறி தானாகப் பார்க்காது. நகரை ஒட்டியோ குன்றின் மேலோ நிற்கும் வீரர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எறியும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான்.

7. நிலைநிறுத்தும் விதி

எறிவதற்கு முன் பொறியை ‘செட் அப்’ செய்ய வேண்டும், அதற்கு ஒரு நகர்வு செலவாகும். இதிலிருந்து வருவது இதுதான்: நகர்ந்து, நிலைநிறுத்தி, எறிவது என்ற மூன்றையும் சமவெளியில் ஒரே சுற்றில் செய்ய நகர்வு போதாது. ஆனால் ஏற்கெனவே இடத்துக்கு வந்துவிட்ட பொறி, புதிய சுற்றின் தொடக்கத்தில் ஒரு நகர்வில் நிலைநிறுத்தி, மற்ற நகர்வில் எறியலாம்.

பலர் இடத்துக்கு வந்ததும் அவசரமாக ‘செட் அப்’ பொத்தானை அழுத்துகிறார்கள். அதில் எந்த இலாபமும் இல்லை. அடுத்த சுற்றில் நிலைநிறுத்தலும் எறிதலும் சேர்ந்தே முடியும் என்பதால், அழுத்தாமல் காத்திருந்து, எதிரியின் சுற்றில் என்ன நடந்தது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். பக்கத்தில் குதிரைப்படை வந்து நிற்கிறதென்றால் எறிவதா பின்வாங்குவதா என்ற தெரிவு உங்கள் கையிலேயே இருக்கும். எறிந்த பின் அந்தச் சுற்றில் நகர முடியாது.

8. சுற்றுக்குச் சுற்று

நகர் வலு 15, மதில் உண்டு, கிழக்கே சமவெளி, வடக்கே ஆறு. மூன்று கற்றபுல்ட், இரண்டு ஈட்டிப்படை, இரண்டு வில்லாளி, ஒரு குதிரைப்படை. கிழக்கிலிருந்து போகிறோம், ஆற்றுப் பக்கம் போவதேயில்லை. எதிரி எல்லைக்கு வெளியே எல்லோரும் சேர்ந்த பிறகே போர் அறிவிக்க வேண்டும். பின்னால் வந்துகொண்டிருக்கும் ஒரு பொறிக்காக மூன்று சுற்றுகள் காத்திருப்பதில் நட்டமில்லை.

முதலாவது சுற்றில் போர் அறிவித்து, ஈட்டிப்படைகள் முன்னே போகும். பொறிகள் நகரிலிருந்து மூன்று கட்டத் தொலைவில் நிற்கும்படி மட்டும் வரலாம். நகரின் வீச்சு 2, அதாவது அவை இன்னும் அடிக்கு வெளியே.

இரண்டாவது சுற்றில் ஈட்டிப்படைகள் நகரை ஒட்டி நின்று அரண் அமைக்கும். நகர் ஒரு சுற்றில் ஓர் இலக்கைத்தான் அடிக்கும். இப்போது அதன் கண்ணில் படுபவர்கள் இவர்கள் மட்டும். வில்லாளிகள் இரு பக்கமும். பொறிகள் அசையக்கூடாது. எதிரிப் படை நகருக்கு வெளியே இருந்தால் அதை வில்லாளிகளும் ஈட்டிப்படையும் முடிக்கும் வரை இந்த நிலையிலேயே இருங்கள், இரண்டு சுற்றுகள் கூடினாலும்.

மூன்றாவது சுற்றில் மூன்று பொறிகளும் ஒன்றாக இரண்டாம் வளையத்துக்குள் நுழையும். ஒவ்வொன்றாக நுழைந்தால் நகர் ஒவ்வொன்றாக அடிக்கும். ஒன்றாக நுழைந்தால் ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ 40 புள்ளி குறையும், மற்ற இரண்டும் முழுமையாக இருக்கும்.

நான்காவது சுற்றில் நிலைநிறுத்தி எறியலாம்: 250இல் ஏறத்தாழ 123 போகும். எதிரி இப்போது அடிபட்ட பொறியையே மீண்டும் குறிவைக்கக்கூடும். அதன் உயிர்ப்புள்ளி 40க்குக் கீழே இறங்கியிருந்தால் ஐந்தாவது சுற்றில் அதைப் பின்னால் இழுத்துவிடுங்கள். எதிரி நிலத்தில் சுற்றுக்கு 10 மட்டுமே தேறும், உங்கள் சொந்த நிலத்தில் 20. ஆனாலும் உயிரோடு வரும் பொறி அடுத்த நகருக்கு உதவும். மற்றவை எறியட்டும்.

ஆறாவது சுற்றில், தேவைப்பட்டால் ஏழாவதில், நகர் கடைசிப் புள்ளிகளில் நிற்கும். முதலில் எல்லாப் பொறிகளும் எறிய வேண்டும், பிறகு வில்லாளிகள், கடைசியில் குதிரைப்படை. இந்த வரிசை மாறக்கூடாது. குதிரை நுழைவதற்கு நகரை ஒட்டிய ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். ஆறு கட்டத்தையும் உங்கள் வீரர்களே அடைத்துக்கொண்டிருந்தால், வெற்றி வாசலில் நிற்கும்போது வழிவிட ஆளை நகர்த்தவே ஒரு சுற்று போய்விடும்.

9. ஆட்லறி வந்த பிறகு

டைனமைட் ஆராய்ந்ததும் மேலே சொன்ன பாதி கவலைகள் போய்விடும். ஆட்லறியின் வீச்சு 3, நகரின் வீச்சு 2. நகர் திருப்பியடிக்க முடியாத தொலைவில் நின்றுகொண்டு அடிக்கலாம். காட்டுக்கும் குன்றுக்கும் மேலாலும் குண்டு போகும். மூன்றாம் வளையத்தில் 18 கட்டங்கள் இருப்பதால் இட நெருக்கடியும் குறைவு. உங்கள் எதிரிகளைவிட ஆராய்ச்சியில் முன்னால் இருக்கிறீர்களென்றால், ட்ரெபுஷே, பீரங்கிக் காலத்துப் போர்களைத் தவிர்த்துவிட்டு நேராக டைனமைட்டை நோக்கிப் போவதே மலிவான வழி என்பது என் உறுதியான கருத்து. பழைய மூன்று கற்றபுல்ட்களையும் வைத்திருந்து, இடைப்பட்ட காலத்தில் தங்கம் சேர்த்து, அவற்றையே படிப்படியாக ஆட்லறியாக மாற்றலாம்.

பார்ப்பதற்கு ஆள் வேண்டும் என்ற விதி இங்கும் உண்டு. நகருக்கு இரண்டு கட்டத் தொலைவில் குதிரைப்படை ஒன்றை நிறுத்தி வைத்தால் போதும். நிலைநிறுத்தும் விதியும் உண்டு. ரொக்கெட் ஆட்லறிக்குத்தான் அது இல்லை. எதிரியிடம் விமானம் வந்துவிட்டால் மூன்று கட்டத் தொலைவு பாதுகாப்பு என்ற கணக்கு செல்லாது. விமான எதிர்ப்புப் பிரிவு ஒன்றைக் கூட்டத்தின் நடுவில் வையுங்கள்.

கடலோர நகரென்றால் தரையிலிருந்து இவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை. கடற்பயணம் ஆராய்ந்து ஃபிரிகேட் கப்பல்கள் நான்கைக் கொண்டுபோய் அடித்துவிட்டு, மோதும் கப்பலொன்றால் பிடிக்கலாம். கடலில் காடும் இல்லை, குன்றும் இல்லை.

10. வேறு விளையாட்டுக்கு மாறும்போது

இதே பழக்கத்துடன் சிவிலைசேஷன் 6க்குப் போனால் சில விதிகள் குழப்பும். அங்கே நகருக்கும் மதிலுக்கும் தனித்தனி உயிர்ப்பட்டி. சாதாரண மோதல் படை மதிலுக்கு மிகக் குறைந்த சேதத்தையே தரும். முற்றுகைப் பொறி முழுச் சேதம் தரும், ஆனால் தரைப்படைகளுக்கு எதிராக அதன் வலுவில் 17 கழியும். ‘செட் அப்’ இல்லை. பதிலாக, நகர்ந்த சுற்றில் எறிய முடியாது. தளபதி ஒருவரை இரண்டு கட்டத்துக்குள் வைத்தால் ஒரு நகர்வு கூடி, நகர்ந்தும் எறியலாம். அந்த ஆட்டத்தில் தளபதி பெருமதியானவர். நகரைச் சுற்றிய கட்டங்கள் அனைத்தையும் உங்கள் படைகளின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தால் நகர் தேறவே தேறாது என்பதையும் அங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் வோர்ஸ் வகை ஆட்டங்களில் ஆட்லறியின் விலை 6000, வீச்சு 2 முதல் 3 வரை. ரொக்கெட்டின் விலை 15000, வீச்சு 3 முதல் 5 வரை. ஒட்டி நிற்கும் எதிரியை இரண்டாலும் அடிக்க முடியாது, அடிபட்டால் திருப்பியடிக்கவும் முடியாது. பாலம், மலையிடுக்கு போன்ற ஒடுங்கிய வழியில் காலாட்படையொன்றைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் ஓர் ஆட்லறியை வைத்தால், தொடக்க வரைபடங்களில் அதுவே போதும்.

11. நகர் கைக்கு வந்த பின்

பிடித்த நகரை உடனே இணைத்துக்கொள்ளாமல் பொம்மை ஆட்சியாக விடுங்கள். அதிருப்தி குறைவாக இருக்கும். அடுத்த சுற்றிலேயே அடுத்த நகருக்குப் போகத் துடிக்க வேண்டாம். காயப்பட்ட பொறியை நகருக்குள் நிறுத்துங்கள், சுற்றுக்கு 25 தேறும். மற்றவை நகரை ஒட்டிய கட்டங்களில் நிற்கட்டும். அது இப்போது உங்கள் நிலம், 20 தேறும். பொறிகளைத் தரமுயர்த்தப் போதிய தங்கம் இருந்தால், எல்லைக்குள் நிற்கும் இந்த மூன்று நான்கு சுற்றுகளே அதற்குரிய நேரம். ஈட்டிப்படை ஒன்றை எதிரி திரும்பிவரக்கூடிய பாதையில் நிறுத்திவிட்டு, அடுத்த நகரைச் சுற்றியுள்ள கட்டங்களைத் தாளில் வரையத் தொடங்கலாம்.